காற்றுக்குப் பூத்த மரம்

சார்,

இன்று காலை மகனுடைய ஸ்கூட்டரைத் துடைக்கப் போனேன். கறுப்பு இருக்கையின் மேல் மஞ்சளும் காவியும் கலந்த நிறத்தில் மாவுபோல ஏதோ படிந்திருந்தது. விரலால் இழுத்தேன். இழுத்த இடம் கறுப்பாகத் தெரிந்தது. "ரோட்டுப் புழுதிப்பா, தண்ணி ஊத்திக் கழுவிடுங்க" என்று மகன் உள்ளேயிருந்து சொன்னான். புழுதியாக இருந்தால் விரலில் நெருடும். இது நெருடவில்லை. குனிந்து ஊதினேன். எழும்பி, கொஞ்ச நேரம் காற்றில் நின்று, அடுத்த வீட்டுப் பக்கம் போய்விட்டது. புதுச்சேரியில் மகன் வீடு இருக்கும் இடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளிக் கடல். கரையோரம் சவுக்குத் தோப்பு. இது மாசி மாதம். துண்டால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே வந்தேன். சன்னலைச் சாத்திவிட்டு, உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் இறந்த செய்தி போன கார்த்திகையில் வந்தது. உங்கள் மகள் தொலைபேசியில் சொன்னாள். "அப்பா உங்களைப் பத்தி அடிக்கடி சொல்வாங்க" என்றாள். என்ன சொல்வீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஒரு வரியில் முடிந்திருக்கும். பூவைப் பற்றித் தவிர வேறு எதைப் பற்றியும் நீங்கள் அதிகம் பேசியவர் இல்லை.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது நெய்வேலி இன்னும் ஊராகாத காலத்தில். ஐம்பதுகளின் கடைசி. முந்திரிக் காட்டை அழித்துச் சாலை போட்டிருந்தார்கள். சாலையின் இரு பக்கமும் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. நிழல் என்று ஒதுங்க ஒரு மரம் கிடையாது. சுரங்கத்துக்காக வெட்டிய மண் கிழக்கே மேடு மேடாகக் கிடந்தது. காற்றடித்தால் அந்தச் செம்மண் துவைத்த வேட்டியிலும் குடத்துத் தண்ணீரிலும் தட்டுச் சோற்றிலும் வந்து இறங்கும். அதைத் தடுக்கக் கிழக்கு ஓரத்தில் சவுக்கு வரிசை வைப்பது என்று முடிவானது. நீங்கள் தோட்டப் பிரிவில் சூப்பர்வைசர். மதுரையில் தாவரவியல் படித்துவிட்டு நேராக இங்கே வந்திருந்தீர்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டு, கான்ட்ராக்டில் குழி வெட்ட வந்தவன். எங்களுக்கு நிலம் கிடையாது. அப்பாவும் அம்மாவும் காலமெல்லாம் அடுத்தவர் கொல்லையில் கடலை பிடுங்கியவர்கள்.

நமக்கு ஒரே வயது என்பது பேச்சுவாக்கில் தெரிய வந்தது. "அப்புறம் ஏன்யா என்னைச் சார்ங்கற?" என்றீர்கள். நான் சிரித்துவிட்டு, "சரி சார்" என்றேன். அது கடைசி வரை மாறவில்லை. நான் குழி வெட்டினேன். நீங்கள் காக்கி அரை டிராயரோடு குனிந்து கன்றை வைத்து, சுற்றிலும் மண்ணைக் காலால் மிதித்துவிட்டு அடுத்த குழிக்குப் போனீர்கள். மத்தியானம் உங்கள் நர்சரிக் கொட்டகையில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். என் தூக்கில் இருந்த கருவாட்டுக் குழம்பை நீங்கள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். எங்கள் ஊரில் யாரும் அப்படி எங்களிடம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதில்லை. அதை நான் அன்று வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று என்னை அனுப்பியவரும் நீங்கள்தான். ஹெல்பர் வேலை, டெம்பரரி. அடுத்த ஆண்டு முத்தாண்டிக்குப்பத்து அஞ்சலையை எனக்குக் கட்டிவைத்தார்கள். கம்பெனி வீடு கிழக்குக் கடைசி வரிசையில் கிடைத்தது. பின்கதவைத் திறந்தால் நாம் வைத்த சவுக்கு. அதற்குள் கூரையைத் தாண்டி வளர்ந்திருந்தது. நான் வெட்டிய குழியில் நின்ற மரத்தை அஞ்சலைக்குக் காட்டினேன். "எல்லாம் ஒரே மாரிதான கீது, இதுல உன்னுது எதுன்னு எப்பிடிக் கண்டுபுடிச்ச?" என்று கேட்டாள்.

அந்த வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்கு இழுப்பு வந்தது. முதல் வருஷம் தும்மலும் கண்ணரிப்புமாகப் போயிற்று. அடுத்த வருஷம் மூச்சே ஊசித்துளை வழியாகப் போய் வருவது போலிருந்தது. விடியும்போது எழுந்து உட்கார்ந்துவிடுவேன். படுத்தால் மூச்சு இல்லை. மாசி, பங்குனியில் ஒரு தடவை வந்தது. கோடையில் தானாக விட்டது. புரட்டாசியில் மறுபடியும் பிடித்தது. பெல்ட்டில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் ஒன்றுபோலச் சொன்னார்கள்: நிலக்கரித் தூசி.

மாமியார் மட்டும் வேறு சொன்னார். மகளைப் பார்க்க வந்தவர், அவள் தலையில் இருந்த மல்லிகையைப் பார்த்துவிட்டு, "இந்த வாசனதான் மாப்ளக்கி நெஞ்ச அடைக்குது. எங்க தெருவுல ஒருத்தரு இப்பிடித்தான் இழுத்துகினு கெடந்தாரு. பூவ எடுத்துடு" என்றார். அஞ்சலை அன்றே பூ வைப்பதை நிறுத்தினாள். குழாயடியில் வைத்திருந்த மல்லிகைக் கொடியையும் பிடுங்கிப் போட்டாள். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆன பெண் வெறும் தலையோடு தண்ணீர் பிடிக்கப் போனால் பத்துப் பேர் பார்க்கத்தான் செய்வார்கள். "இன்னாடி, வூட்டுக்காரரு நல்லா இருக்கறாருல்ல?" என்று ஒருத்தி கேட்டாளாம். அதைச் சொன்னபோது அஞ்சலை சிரித்தாள். பிறகு அடுப்பங்கரைக்குப் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

பர்மனென்ட் ஆவதற்கு மெடிக்கல் வேண்டும். அது புரட்டாசியில் வந்தது. டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். வேறு இடத்தில் வைத்து மறுபடியும் கேட்டார். நிதானமான மனிதர். "நெஞ்சுக்குள்ள விசில் அடிக்குது தம்பி. இதோட உன்னைத் தூசியில நிறுத்தினா உனக்குத்தான் கெடுதல். இப்போ ஃபிட்னு என்னால எழுத முடியாது. பங்குனி கடைசியில வா. அப்பவும் இப்படியே இருந்தா வேற வழியில்ல." அவர் சொன்னதில் தப்பு இல்லை. எனக்கு வேறு வழியில்லை என்பதுதான் சங்கடம். வேலை போனால் திரும்பிப் போக ஒரு காணி நிலமும் இல்லை. அடுத்தவர் கொல்லைதான் இருந்தது.

மாசி மகத்துக்குக் கடலூருக்குப் போனது அந்த வருஷம்தான். நீங்களும் வந்தீர்கள். கடலைப் பார்த்ததில்லை என்று அஞ்சலை சொன்னதால் போனோம். சுற்றுப்பட்டு ஊர்களின் சாமிகள் எல்லாம் கடற்கரைக்கு வந்திருந்தன. வெயிலுக்கு ஒதுங்க நல்ல இடமாகப் பார்த்துச் சவுக்குத் தோப்பில் உட்கார்ந்தோம். உங்கள் கறுப்புக் குடையை விரித்து மணலில் கவிழ்த்துவைத்தீர்கள். புளிச்சோற்றைப் பிரிக்கும் நேரத்தில் எனக்குத் தும்மல் தொடங்கியது. தும்மல் நின்றபோது மூச்சும் நின்றுவிடும் போலிருந்தது. கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு, தோளைத் தூக்கித் தூக்கி இழுத்தேன். கூட்டம் சேர்ந்தது.

"சாமி வந்துகினு இருக்குது, நவுருங்க" என்றாள் ஒரு பெண். யாரோ என் நெற்றியில் திருநீற்றை அள்ளிப் பூசினார்கள். அது மூக்கிலும் போயிற்று.

"சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இழுப்புங்க. காத்த விடுங்க" என்று அஞ்சலை கத்தினாள். அவள் அப்படிக் கத்தி அதற்குமுன் நான் கேட்டதில்லை.

நீங்கள் என் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, அலை வந்து காலை நனைக்கும் இடம்வரை நடத்திக்கொண்டு போனீர்கள். கடலிலிருந்து காற்று நேராக முகத்தில் அடித்தது. சிறிது நேரத்தில் நெஞ்சு இளகியது. நான் பேச முடிகிற நிலைக்கு வந்ததும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி இது: "இங்க எங்கய்யா இருக்கு மைன்ஸ்?"

 நீங்கள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குடையை எடுத்துவரத் தோப்புக்குத் திரும்பினீர்கள். குடைக்குப் பக்கத்தில் நீங்கள் நின்றுவிட்டதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். குனிந்து குடைத்துணியைப் பார்த்தீர்கள். பிறகு அண்ணாந்து மரத்தைப் பார்த்தீர்கள். பிறகு மறுபடியும் குடையை. ஊர் திரும்பும்வரை பஸ்ஸில் நீங்கள் வாய் திறக்கவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். உங்களுக்குள் வேறு ஏதோ நடந்துகொண்டிருந்தது என்று இப்போது தெரியும். நெய்வேலியில் அந்த மரத்தை விதையிலிருந்து முளைக்கவைத்தவர் நீங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தீர்கள். கையில் அதே குடை, ஒரு பரங்கிப்பூ, சவுக்கின் ஒரு கொத்து. கொத்து ஈரத்துணியில் சுற்றியிருந்தது. மாமியாரும் அன்று இருந்தார். என்னை மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, குடையை விரித்துத் தரையில் வைத்தீர்கள். பரங்கிப்பூவின் நடுவிலிருந்த தண்டைக் கறுப்புத் துணியில் தேய்த்தீர்கள். மஞ்சளாக அப்பிக்கொண்டது. "ஊதும்மா" என்று அஞ்சலையிடம் சொன்னீர்கள். ஊதினாள். அசையவில்லை.

"பிசினு மாரி ஒட்டிகிச்சுங்க."

"ஆமா. ஒட்டணும்னுதான் அப்படி இருக்கு. பரங்கியில ஆண் பூ வேற, பெண் பூ வேற. பெண் பூவுக்கு அடியில பிஞ்சு உருண்டையா இருக்கும், பார்த்திருப்பே. ஆண் பூவோட தூள் பெண் பூவோட நடுவுல போய் ஒட்டினாத்தான் அந்தப் பிஞ்சு காய் ஆகும். இல்லேன்னா வெம்பி விழுந்துடும். பூவுக்குக் கால் இல்ல. அதனால தேனீக்குத் தேன் வெச்சுக் கூப்பிடுது. தேனீ தேன் குடிக்க உள்ள நுழையுது, உடம்பெல்லாம் தூளைப் பூசிக்கிட்டு வெளிய வருது, அடுத்த பூவுல நுழையுறப்ப அங்க ஒட்டிடுது. தேனீக்கு இந்த வேலை தெரியாது. அது வந்தது தேனுக்கு."

பிறகு ஈரத்துணியைப் பிரித்தீர்கள். சவுக்கின் பச்சை ஊசிகளின் நுனியில் பழுப்பாகக் கதிர்போல ஒன்று இருந்தது. மூன்று வருஷமாகப் பின்கதவில் நிற்கும் மரம் பூக்கும் என்பதே எங்களில் யாருக்கும் தெரியாது. குடைக்குமேல் பிடித்து ஒரு சுண்டு சுண்டினீர்கள். புகைபோலக் கிளம்பியது. குடையில் விழுந்ததைவிட வாசல் வழியாகப் போனதே அதிகம்.

"இதுவும் பூவாங்க?" என்றார் மாமியார். "கலரு இல்ல, வாசன இல்ல."

"யாருக்காக இருக்கணும்? இது ஈக்குப் பூக்கல, காத்துக்குப் பூக்குது. காத்துக்குக் கண்ணும் கிடையாது, மூக்கும் கிடையாது. அதனால கலரும் வேண்டாம், மணமும் வேண்டாம், தேனும் வேண்டாம். தூள் மட்டும் காய்ஞ்சு லேசா இருக்கணும், பறக்கிற மாதிரி."

அஞ்சலை கொஞ்சம் யோசித்தாள். "காத்துக்குக் கண்ணு இல்லன்னா, பொண்ணு பூவு எங்க இருக்குதுன்னு அதுக்கு எப்பிடிங்க தெரியும்?"

நீங்கள் அவளை ஒரு கணம் பார்த்தீர்கள். எங்கள் வீட்டில் நீங்கள் முகம் மலர்ந்தது அன்றுதான். "தெரியாது. அதான் இவ்வளவு கொட்டுது. கோடி தூவினா ஒண்ணு ரெண்டு போய்ச் சேரும். சேராதது மண்ணுல விழும், தண்ணியில விழும், உன் வீட்டுக்காரர் மூக்குல விழும்."

கிளையோரத்தில் இருந்த பெண் பூவையும் காட்டினீர்கள். குங்குமப் பொட்டு அளவுக்குச் சிவப்பு நூல்கள். பறந்து வருவதைப் பிடிக்க அவை நீட்டிக்கொண்டிருக்கின்றன என்றீர்கள். மல்லிகையின் தூள் அதன் குழலுக்குள்ளேயே கிடக்கிறது, அது மணப்பது அந்துப்பூச்சியைக் கூப்பிட, தலையில் வைத்தால் யாருடைய மூக்குக்கும் வராது என்றும் சொன்னீர்கள். "கண்ணுக்குத் தெரியுற பூ ஒண்ணும் பண்ணாதும்மா. தெரியாத பூதான் பண்ணுது." மாமியார் சாயங்காலம் ஊருக்குக் கிளம்பும்போது, பஸ் நிறுத்தத்தில் ஒரு முழம் வாங்கி மகள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

டாக்டரிடம் நீங்களே வந்தீர்கள். அவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். "இருக்கலாம். நானும் படிச்சிருக்கேன். ஆனா 'இருக்கலாம்'னு சர்ட்டிபிகேட்ல எழுத முடியாதே" என்றார்.

"எழுத வேண்டாம் சார். ஒண்ணே ஒண்ணை மாத்திப் பார்ப்போம். இவன் மைன்ஸுக்கே போகட்டும், அதே பெல்ட், அதே தூசி. தூங்குறது மட்டும் சவுக்கு இல்லாத இடத்துல. பங்குனி முழுக்க."

"தூசி காரணம்னா இழுப்பு நிக்காது" என்றார் டாக்டர்.

"நின்னுடுச்சுன்னா தூசி இல்ல."

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். "சரி. செஞ்சு பாருங்க."

சவுக்கு இல்லாத இடமாக எனக்குத் தெரிந்தது முத்தாண்டிக்குப்பம். மாமியார் வீடு. விஷயத்தைக் கேட்டதும் அவருக்குக் கலக்கமாகிவிட்டது. "இங்க வந்தா இன்னும் மோசமாவுங்க. முந்திரி பூத்துக் கெடக்குது. மூக்கத் தொறக்க முடியல, அவ்ளோ வாசன." உண்மைதான். வீட்டைச் சுற்றி முந்திரி. வெளிர்சிவப்புப் பூங்கொத்துகள்மேல் எறும்பும் ஈயுமாக மொய்த்துக்கொண்டிருந்தன. காற்றடித்தால் தேன்மணம் வீட்டுக்குள் வந்தது. அதையும் உங்களிடம் வந்து சொன்னேன். "ஈ மொய்க்குதா? அப்போ பயமில்ல. போய்ப் படு" என்றீர்கள். உங்கள் குரலில் இருந்த உறுதி முகத்தில் இருந்ததா என்று நான் பார்க்கவில்லை.

அங்கே போன இரண்டாம் நாளே படுத்துத் தூங்கினேன். விடிந்த பிறகு எழுந்தேன். தினமும் பஸ் பிடித்து மைன்ஸுக்குப் போனேன், பெல்ட்டின் அடியில் சிந்தியதை வாரினேன், முகமெல்லாம் கரியோடு திரும்பினேன். இழுப்பு வரவில்லை. மாமியார் முதல் வாரம் முழுக்க என் கட்டில் பக்கத்தில் வந்துவந்து மூச்சைக் கேட்டுப் போனார். பங்குனி நடுவில் அஞ்சலைக்கு ஒரு பாத்திரம் எடுக்க வேண்டும் என்று நெய்வேலி வீட்டுக்குப் போய், பஸ் தவறி, அங்கேயே ஒரு ராத்திரி தங்கினேன். விடியும்போது பழைய இழுப்பு. அதை நாம் திட்டமிடவில்லை. ஆனால் டாக்டர் அதைத்தான் மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பங்குனி கடைசியில் முதுகில் குழாயை வைத்தார். "சத்தம் இல்ல" என்றார். ஃபிட் என்று எழுதினார். கூடவே, "அந்த வீட்டை விட்டுடு" என்றார்.

வீட்டை விடுவது சொல்வதற்கு எளிது. வேறு வீடு காலி இல்லை என்றார்கள். மாமியார் வீட்டிலேயே இருந்து வேலைக்குப் போவதைப் பற்றி முத்தாண்டிக்குப்பத்தில் பேச்சு எழும்பத் தொடங்கியிருந்தது. பர்மனென்ட் ஆர்டர் கையில் இருந்தது. பெண்டாட்டியோடு இருக்க ஒரு வீடு இல்லை. ஒரு நாள் காலையில், ஷிப்டுக்கு முன்னால், கொடுவாளை எடுத்துக்கொண்டு நெய்வேலி வீட்டின் பின்கதவு வழியாகப் போனேன். என் குழியில் நின்ற மரத்திலிருந்தே தொடங்கினேன். ஒரு வெட்டு விழுந்தது. கிளையெல்லாம் அதிர்ந்து தலைமேல் தூள் கொட்டியது. எனக்கு அப்போது எதுவும் பொருட்டாக இல்லை.

அடுத்த வீட்டு அம்மாள் ஓடி வந்தார். "ஐயய்யோ, மரத்த வெட்டினீங்கன்னா மண்ணு பூரா எங்க சோத்துல வந்து விழும். உங்க ஒருத்தருக்காகவா?" அவர் சொன்னதிலும் தப்பு இல்லை. நான் இரண்டாவது வெட்டுக்குக் கையை ஓங்கினேன்.

சைக்கிளைப் போட்டுவிட்டு நீங்கள் வந்தது எனக்குத் தெரியாது. கையைப் பிடிக்கவில்லை, அதட்டவில்லை. வெட்டு விழுந்த இடத்தில் கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றீர்கள். கம்பெனி மரத்தை வெட்டினால் கையில் இருக்கும் ஆர்டர் போய்விடும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 

"இதுக்கு நீ யாருன்னே தெரியாது கலியமூர்த்தி" என்றீர்கள்.

நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன்.

"உன்னைக் கொல்லணும்னு தூவல. இன்னொரு சவுக்குக்கு அனுப்புது. நீ நடுவுல நிக்கிற. அவ்வளவுதான். நடுவுல நிக்காம நகர்ந்துக்க வழி பார்ப்போம். கத்தியக் கொடு."

கொடுத்தேன். நீங்கள் அதைத் தூளோடு சேர்த்து உங்கள் டிராயரிலேயே துடைத்தீர்கள். பிறகு, வேறு ஏதோ பேசுவது போல, "என் வீடு மேற்கே இருக்கு. எனக்கு இழுப்பு கிடையாது" என்றீர்கள்.

உங்கள் வீடு நர்சரியை ஒட்டியது. காலையில் எழுந்தால் நாற்றுப் பாத்திகளுக்கு நடுவில் கால் வைப்பீர்கள். தண்ணீர்த் தொட்டி, விதைக் கொட்டகை, நீங்கள் ஒட்டுப்போட்ட பலா எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். அதை விட்டுவிட்டுக் கிழக்குக் கடைசிக்கு வந்தால் தினமும் ஊரைக் குறுக்கே கடந்து சைக்கிள் மிதிக்க வேண்டும். ஆபீசில் எழுதிக் கேட்டீர்கள். மாற்றிக்கொள்வதில் அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை. ஒரு மாட்டுவண்டியில் எங்கள் சாமான் மேற்கே போய் இறங்கியது. அதே வண்டியில் உங்கள் சாமான் கிழக்கே வந்தது. உங்கள் சாமான் பெரும்பாலும் தொட்டிச் செடிகள். வண்டிக்காரர், "இன்னா சார், வூடு மாத்துறீங்களா, தோட்டத்த மாத்துறீங்களா?" என்று கேட்டார்.

மேற்குப் பக்கத்திலும் மாசியில் தும்மல் வரும். ஆனால் இழுப்பாக மாறியதில்லை. எங்கள் மூன்று குழந்தைகளும் அந்த வீட்டில் பிறந்தார்கள். நீங்கள் கிழக்கிலேயே கல்யாணம் செய்து, அங்கேயே குடும்பமாக இருந்தீர்கள். சில வருஷங்கள் கழித்து, கம்புக்காகச் சவுக்கை வெட்டும் பருவம் வந்தபோது, அந்த இடத்தில் புங்கனும் பூவரசும் சரக்கொன்றையும் வைத்தீர்கள். உங்கள் ஆபீசர் ஏன் என்று கேட்டதற்கு, "நிழலுக்கு" என்று சொன்னீர்களாம். என்னிடம் மட்டும், "ஈக்குப் பூக்கிறதாப் பார்த்து வெச்சிருக்கேன்" என்றீர்கள். ஒரு சவுக்கை விட்டுவைத்திருந்தீர்கள். பட்டையில் வெட்டுத் தழும்பு இருந்ததை வைத்து அது எது என்று எனக்குத் தெரிந்தது. 

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நீங்கள் மதுரைப் பக்கம் போனீர்கள். இரண்டு கல்யாணங்களில் பார்த்தோம். இரண்டிலும் முதல் கேள்வி, "மூச்சு எப்படி இருக்கு?" இரண்டிலும் என் பதில், "நல்லா இருக்குது சார்." அஞ்சலையிடம்தான் அதிகம் பேசினீர்கள்.

உங்களிடமிருந்து எனக்கு எது மிஞ்சியது என்று யோசித்துப் பார்த்தேன். மகரந்தத்தைப் பற்றி நீங்கள் சொன்னதில் பாதி மறந்துவிட்டது. வேறொன்று மறக்கவில்லை. பெல்ட் பிரிவில் ஒரு ஃபோர்மேன் இருந்தார். ஷிப்ட் தொடங்கும்போதே எதிரில் யார் வந்தாலும் அவர்மேல் பாய்வார். மற்றவர்கள் அவரோடு மல்லுக்கு நின்றார்கள். நான் இரண்டு நாள் தள்ளி நின்று பார்த்தேன். விசாரித்ததில் அவர் மனைவி படுக்கையில் கிடப்பது தெரிந்தது. சமைத்து, துடைத்து, தூக்கிப் படுக்கவைத்துவிட்டு மனிதர் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். அவர் கத்தியது என்னைப் பார்த்து இல்லை. நான் நடுவில் நின்றேன். நகர்ந்துகொண்டேன். எனக்குப் பின்னால் மற்றவர்களும் நகர்ந்துகொண்டார்கள்.

எல்லாமே அப்படி இல்லை, சார். எங்கள் ஊரில், எங்கள் தெருவைப் பார்த்து, என் அப்பாவைப் பார்த்து வீசப்பட்ட சொற்கள் உண்டு. அவை வழி தவறி வந்தவை இல்லை. ஆள் தெரிந்து, பேர் தெரிந்து, வந்து சேர வேண்டிய இடத்துக்கே வந்து சேர்ந்தவை. அவற்றை நான் காற்றோடு சேர்க்கவில்லை. பர்மனென்ட் ஆன வருஷம், ஊர்த் திருவிழாவில் எங்களை எங்கே நிற்கவேண்டும் என்று கைகாட்டிய ஆளிடம் முதல் தடவையாக எதிர்த்துப் பேசினேன். குரல் நடுங்கியது. ஆனால் மூச்சு இடையில் முட்டவில்லை.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்கு எனக்கு இன்றும் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. கோபம் வந்ததும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இதற்கு நான் யார் என்று தெரியுமா? தெரியாது என்றால் வீட்டை மாற்றிக்கொள்கிறேன். தெரியும் என்றால் நின்ற இடத்திலேயே நின்று பேசுகிறேன்.

கலியமூர்த்தி